கூடியது சர்க்கரையா, ரத்த அணுவின் வயதா?

காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் 110, 115 என்றே காட்டுகிறது. ஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை செய்தால் 8.2 என்று ரிப்போர்ட் வருகிறது. இன்னொருவருக்கு நேர் எதிர். சாப்பிட்ட பின் 260, 280 என்று எகிறுகிறது, ஆனால் ஏ1சி மட்டும் 6.1. இருவருமே முதலில் லேப்காரர் மேல்தான் பழிபோடுவார்கள். லேப்பில் தவறு நடப்பது உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் விடை வேறிடத்தில் இருக்கும். ஏ1சி சர்க்கரையை மட்டும் அளக்கும் சோதனை அல்ல. அந்தச் சர்க்கரையைச் சுமக்கும் சிவப்பணு உடம்புக்குள் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதும் அந்த எண்ணுக்குள் சேர்ந்தே வருகிறது. சிவப்பணுவின் ஆயுள் மாறினால், சர்க்கரை மாறாமலே எண் மாறும்.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், நுனியில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் எந்த நொதியின் தயவும் இல்லாமல் தானாகவே அதில் ஒட்டுகிறது. முதலில் தளர்வாக ஒட்டும், பிறகு நிலைத்துவிடும். நிலைத்தது அந்த அணு சாகும்வரை கழலாது. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டு எழுதினார். 1993இல் வெளியான அமெரிக்க டிசிசிடி ஆய்வு, ஏ1சி குறைந்தால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் குறைகின்றன என்று காட்டியபிறகு உலகமே இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று கண்டறிய இதைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது.

சிவப்பணு சராசரியாக 120 நாள் வாழும். அதனால்தான் 'மூன்று மாதச் சராசரி' என்கிறோம். ஆனால் மூன்று மாதமும் சம பங்கு கொடுப்பதில்லை. எண்ணில் ஏறக்குறைய பாதி கடைசி 30 நாளிலிருந்து வருகிறது. அதற்கு முந்தைய மாதம் கால் பங்கு. அதற்கும் முந்தைய இரண்டு மாதங்கள் சேர்ந்து மீதிக் கால் பங்கு.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை, ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். 7 என்றால் 154. 8 என்றால் 183. 10 என்றால் 240. இப்போது ஏ1சி 10 இருப்பவருக்கு மருந்து மாற்றி, சராசரி 150க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு மாதம் கழித்துச் சோதித்தால் பாதி 150, பாதி 240, ஆகச் சராசரி 195. ஏ1சி 8.4 என்று வரும். 'மருந்து சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது' என்று இன்னொரு மாத்திரை கூட்டப்படுவது இங்கேதான். அதே மருந்தில் மூன்று மாதம் முழுதாகப் போயிருந்தால் 6.9க்குப் பக்கத்தில் வந்திருக்கும். அவசரத்தில் கூட்டிய மாத்திரை, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகையாக இருந்தால், அடுத்த மாதமே தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். மருந்து மாற்றிய தேதியிலிருந்து 12 வாரம் பொறுப்பதுதான் முறை.

இதே கணக்கை வைத்து டாக்டரை ஏமாற்றுபவர்களும் உண்டு. டெஸ்டுக்கு முந்தைய மூன்று வாரம் வாயைக் கட்டுவார்கள். எண் அரைப் புள்ளி, முக்கால் புள்ளி இறங்கத்தான் செய்யும். மிச்சம் ஒன்பது வாரத்தில் கண்ணும் சிறுநீரகமும் பட்ட பாடு அதில் முழுதாகத் தெரியாது.

இனி, வெறும் வயிற்றில் 110 காட்டிக்கொண்டு ஏ1சி 8.2 வந்தவரின் கேஸ். 8.2 என்றால் சராசரி 189. ரத்த அணுவைச் சந்தேகிக்கும் முன், சாப்பாட்டுக்குப் பின் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எழுதத் தோன்றுகிறது, எண்ணிப் பார்க்காததால் 'பெரும்பாலானோர்' என்று மட்டும் சொல்கிறேன். பிரான்சில் மோனியே குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏ1சி 7.3க்குக் கீழே இருந்தவர்களுக்கு இயல்பைத் தாண்டிய கூடுதல் சர்க்கரையில் சுமார் 70 சதவீதம் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்திலிருந்து வந்தது. 10.2க்கு மேலே இருந்தவர்களுக்கு அது தலைகீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரையின் பங்குதான் பெரிது. ஆக ஏ1சி குறையக் குறைய, சாப்பாட்டுக்குப் பின் நடப்பதே முக்கியமாகிறது. காலை இட்லிக்குப் பின் ஒருமுறை, மதியம் சோற்றுக்குப் பின் ஒருமுறை, இரவு தோசைக்குப் பின் ஒருமுறை, முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கிட்டுக் குத்திப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 300கூடக் காட்டும். மூடியைத் திறந்தே வைத்த ஸ்டிரிப் டப்பாவும் நம்பத்தக்கதல்ல, காற்றின் ஈரம் ஸ்டிரிப்பைக் கெடுக்கும்.

இதையெல்லாம் பார்த்தும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்ததாகக் கையில் எடுக்க வேண்டியது ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட். சிபிசி என்று எழுதிக் கொடுப்பார்களே, அதுதான். ஏ1சி ரிப்போர்ட்டை அது இல்லாமல் படிப்பது அரைகுறை வாசிப்பு என்பது என் கருத்து. நம் ஊரில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

இரும்புச்சத்துக் குறைந்தால் எலும்பு மஜ்ஜை புது அணுக்களைக் குறைவாகவே உருவாக்கும். ரத்தத்தில் சுற்றுவதில் வயதான அணுக்களின் பங்கு கூடிவிடும். வயதான அணு என்றால் சர்க்கரையில் அதிக நாள் ஊறிய அணு. அதனால் சர்க்கரை அப்படியே இருக்க, ஏ1சி மேலே போகும். 5.5 இருக்க வேண்டிய பெண்ணுக்கு 5.9 வந்து, 'சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள்' என்று சொல்லப்படுவது இப்படித்தான். பிறகு இரும்பு மாத்திரை ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் நடக்கும். ஒரு மாதத்துக்குள் புது அணுக்கள் கூட்டமாக வந்து சேரும், ஏ1சி இறங்கும். அந்த இறக்கத்தை உணவுக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று இரண்டு பேரும், நோயாளியும் டாக்டரும், சந்தோஷப்படுவதும் நடக்கிறது.

சிபிசியில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழும் ஆண்களுக்கு 13க்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. எம்சிவி என்பது அணுவின் அளவு, 80க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆர்டிடபிள்யூ, அணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா அல்லது பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைச் சொல்லும். எம்சிவி குறைந்து ஆர்டிடபிள்யூ கூடியிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு முதல் சந்தேகம், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்த்து உறுதி செய்யலாம். எம்சிவி நன்றாகக் குறைந்து, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை ஐந்தரை மில்லியன், ஆறு மில்லியன் என்று உயர்ந்திருந்தால் அது ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் பரம்பரைக் குறையான தலசீமியா மரபுக்கூறாக இருக்க வாய்ப்பு. அவர்களுக்கு இரும்பு மாத்திரையை அள்ளிக் கொடுத்துப் பயனில்லை. ஏ1சியும் அவர்களிடம் எந்தப் பக்கம் எவ்வளவு விலகும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

எம்சிவி 100ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலேட் குறைவைத் தேட வேண்டும். இதிலும் ஏ1சி பொய்யாகக் கூடும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு வரவே குறைவு. சர்க்கரையை இறக்கக் கொடுத்த மாத்திரை, சர்க்கரையைக் காட்டும் எண்ணை மேலே தள்ளுகிறது. கால் எரிச்சலும் மதமதப்பும் பி12 குறைந்தாலும் வரும், சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் வரும். எண்ணும் கூடி, காலும் எரிந்தால் பழி முழுவதும் சர்க்கரை மேல் விழும். நான்கைந்து வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர் ஒருமுறை பி12 பார்த்துக்கொள்வது நல்லது. இரும்பும் பி12ம் சேர்ந்து குறைந்திருந்தால் ஒன்று அணுவைச் சிறிதாக்கும், மற்றது பெரிதாக்கும், எம்சிவி நடுவில் நின்று எல்லாம் சரி என்று காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவிலும் ஏ1சி கொஞ்சம் கூடி, தைராக்சின் எடுத்தபின் இறங்கும்.

எண் பொய்யாகக் குறைவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிவப்பணு சீக்கிரம் சாகிற எந்த நிலையிலும் இது நடக்கும். சிவப்பணுவைக் காக்கும் நொதியான ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், அணு உடைந்து சிதையும் ரத்தசோகை உள்ளவர்கள், மலேரியா வந்து தேறியவர்கள், கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கியவர்கள் எல்லாரும் இதில் சேர்வார்கள். தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் பெரிதாகக் குறையாமலே ஏ1சி சரிந்துவிடும். டாப்சோன் சாப்பிடுபவருக்கு 5.2 என்று வந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

டயாலிசிஸ் செய்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். சிறுநீரகம் கெட்டால் சிவப்பணுவின் ஆயுள் குறையும், ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் கொஞ்சம் ரத்தம் போகும், ரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுவார்கள், அது புது அணுக்களைக் கொண்டுவந்து குவிக்கும். மூன்றும் ஏ1சியைக் கீழே இழுக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு 6.3 என்று பார்த்ததும் இன்சுலினைக் குறைக்கும் முன் குளுக்கோமீட்டர் நோட்டைப் புரட்ட வேண்டும். அதிக மாதவிடாய்ப் போக்கு உள்ள பெண்களிடம் இரண்டும் கலந்து வரும். புதிதாக ரத்தம் போனால் இறங்கும், மாதக்கணக்கில் போய் இரும்பு வற்றினால் ஏறும். ரத்த தானம் செய்தபின்பும் சில வாரம் சற்றுக் குறைவாகக் காட்டலாம்.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலிருந்தே ரத்த ஓட்டத்தில் புது அணுக்கள் கூடி ஏ1சி தாழும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க இதை நம்பக்கூடாது. சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரவலாக்கிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஓ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

அடுத்தது பிறப்பிலேயே மாறிய ஹீமோகுளோபின். நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் போன்ற பழங்குடியினரிடம், சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாளணு மரபு உண்டு. ஒடிசாவிலும் அது அதிகம். வங்காளத்திலும் அசாமிலும் ஹீமோகுளோபின் ஈ அதிகம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்று வேலை செய்பவர்களில் பலர் இந்த மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், அதனால் இது தமிழ்நாட்டு லேப்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல. பெரிய லேப்களில் ஏ1சி பெரும்பாலும், ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி முறையில் பார்க்கப்படுகிறது. ரிப்போர்ட்டோடு ஒரு வரைபடம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். இடப்பக்கம் ஏ1ஏ, ஏ1பி என்று சின்னச் சின்ன மேடுகள், பிறகு ஏ1சி மேடு, அதன்பின் வானத்தைத் தொடுகிற மாதிரி ஏ0 என்ற ஒற்றைச் சிகரம். வழக்கமாக அவ்வளவுதான். ஏ0வுக்குப் பக்கத்திலோ அதற்கு அப்பாலோ இன்னொரு உயரமான சிகரம் நின்றால், பெயர் போடாமல் 'அறியாத சிகரம்' என்று அச்சாகியிருந்தால், அந்தச் சதவீதத்தை நம்பும் முன் லேப் டாக்டரிடம் பேசுங்கள். அரிவாளணுவோ ஹீமோகுளோபின் ஈயோ ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், வேறு முறையில், உதாரணமாக போரோனேட் முறையில், மறுபடி பார்த்துப் பயன்படுத்தலாம். இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருந்தால் எந்த முறையும் உதவாது. அணுவே ஆயுள் முடியுமுன் உடைந்துபோகும்போது எதை அளந்து என்ன?

லேப்பின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறைதலைத் தடுக்கும் இடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் உறையும். வெறும் வயிறு தேவையில்லை. நல்ல லேப்பிலும் உண்மையான 7.0 என்பது 6.8 என்றோ 7.2 என்றோ வரலாம், ஆகவே 0.2 இறங்கியதற்கு இனிப்பு வாங்கவும் வேண்டாம், 0.2 ஏறியதற்கு வீட்டில் சண்டையும் வேண்டாம். அரை சதவீதம் மாறினால்தான் மாற்றம். ஒவ்வொரு முறையும் ஒரே லேப், ஒரே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் சிஎம்சி நடத்துவது போன்ற வெளித்தரச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. இதயத்துக்குச் சாப்பிடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எண்ணைக் கெடுக்காது, அதைப் பயந்து நிறுத்தாதீர்கள்.

எண் உண்மையாகவே ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் சாப்பாடு என்று முடிவுகட்டிவிடுவார்கள், திட்டு வாங்குபவர் நோயாளிதான். இன்சுலின் போடுபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது சிரிஞ்சை. இங்கே பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் இன்சுலினுக்கு. 40 யூனிட் பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். மூன்று மாதம் இப்படிப் போனால் ஏ1சி 10ஐத் தாண்டத்தான் செய்யும். இதையே மாற்றிச் செய்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 கோடு இழுத்தால் 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. அடுத்து வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டியிருந்தால் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் தண்ணீர்தான். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றும். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை மாதக்கணக்கில் இறங்காது.

எண்ணும் நோட்டும் மோதும்போது தீர்ப்பது எப்படி? இரண்டு வாரத்தில் மூன்று நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்களில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், தூங்கும் முன்னும், ஏழு முறை குத்திப் பாருங்கள். 21 எண்களின் சராசரியை ஏ1சி சொல்லும் சராசரியோடு ஒப்பிடுங்கள். அச்சாகப் பொருந்தாது. ஏ1சி 7 என்றால் சராசரி 154 என்றாலும், பெரும்பாலானோருக்கு அது 123 முதல் 185 வரை எங்கும் இருக்கலாம். அந்த எல்லைக்கும் வெளியே போனால்தான் ரத்த அணுவைத் தேட வேண்டும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க, கையில் ஒட்டும் சென்சாரை 14 நாள் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். சராசரி 154 என்பதற்குள் 60க்கும் 290க்கும் ஊசலாடுபவரும் இருப்பார், 130க்கும் 180க்கும் இடையில் நிற்பவரும் இருப்பார், ஏ1சிக்கு இருவரும் ஒன்றுதான். ஏ1சியே உதவாதவர்களுக்கு ஃப்ரக்டோசமைன் உண்டு. அது ரத்தத்திலுள்ள புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் கடைசி இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும். ஆனால் சிறுநீரில் புரதம் அதிகம் போகிறவர்களுக்கும் ரத்தப் புரதமான அல்புமின் குறைந்தவர்களுக்கும் அதுவும் தவறாகக் காட்டும்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது லேப் சீட்டிலேயே, இரும்பு மாத்திரை அல்லது பி12 ஊசி ஆரம்பித்த தேதி, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழியும்வரை ஏ1சி பார்ப்பது வீண். உங்கள் குழாயில் ஒரு பங்கு, கொடுத்தவரின் சர்க்கரை.